அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

இன்ஜினின் புகைப்பெட்டியில் எங்காவது காற்று நுழைந்துவிட்டால், கரியை எவ்வளவு அள்ளிப் போட்டாலும் நீராவி ஏறாது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த கொர்னேலியஸின் பிழைப்பு. எரியும் விளக்கை மூட்டு ஓரமாக நகர்த்திக்கொண்டே போவார். சுடர் எங்கே உள்பக்கம் இழுபடுகிறதோ, அங்கே சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுவார். ரயில்வேயில் பதினாறு வருஷம் பார்த்த அந்த வேலையைச் சொந்த வீட்டில் அவர் பார்த்தது ஒரே ஒரு நாள்.

1929 வருஷக் கடைசி மழையில் அவர் மனைவி உர்சுலாவுக்கு நிமோனியா கண்டது. பலகை வீடு. ஆற்றுப் பக்கத்து ஈரக்காற்று இடுக்குகளில் புகுந்து அவள் தலைமாட்டில் அடிக்கும். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள், ஆனால் மறுபடி அந்தக் காற்றில் படுத்தால் தாங்கமாட்டாள் என்று அங்கே மருந்து கொடுத்த டிரெசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கொர்னேலியஸைப் பத்து நாள் கிள்ளானுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். வீட்டை வாலண்டைனிடம் ஒப்படைத்தார். ரயில் பெட்டித் தச்சன், மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவன். கான்வென்ட்டில் அநாதையாக வளர்ந்த உர்சுலாவைக் கல்யாணத்தன்று அண்ணனாக நின்று கைபிடித்துப் பீடம்வரை கூட்டி வந்தவன். இடுக்குகளை அடைக்க, படகுக்காரர்கள் பூசும் குங்கிலியப் பிசின் இரண்டு டின்னும் ஒரு மூட்டைத் தேங்காய் நாரும் கிள்ளானிலிருந்து அனுப்பி வைத்தார்.

திரும்பி வந்தபோது சுவரெல்லாம் புதுப் பேப்பர் ஒட்டி வீடு பளிச்சென்று இருந்தது. மறுநாள் உர்சுலா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். பழக்க தோஷத்தில் கொர்னேலியஸ் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிச் சுவரோரமாக நடந்தார். கதவருகே, ஜன்னலருகே சுடர் அசையவில்லை. அலமாரிப் பக்கம் சாய்ந்தது. நகர்த்திப் பார்த்தார், அங்கே பேப்பர்கூட இல்லை. கட்டில் தலைமாட்டில் பேப்பரை நகத்தால் கீறினார். விரல் நுழையும் இடைவெளியில் தெரு தெரிந்தது.

நேரே வாலண்டைன் வீட்டுக்குப் போனார். அங்கே முன்னறைச் சுவரில் இடுக்குக்கு இடுக்கு குங்கிலியம் மினுமினுத்தது.

“மச்சான், அவ தலமாட்டுல வெறும் பேப்பர்தான் இருக்கு.”

வாலண்டைன் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒன்ன யாரு மாப்ள அலமாரிய நவுத்தச் சொன்னா?”

“நாளைக்கு வரா அவ.”

“வரட்டும் லா. எங்க வூட்லயும் புள்ளைங்க இருக்கு.”

கொர்னேலியஸ் தன் காக்கி உடுப்பு இரண்டைக் கிழித்து, இன்ஜின் கிரீசில் தோய்த்து, பொழுது சாய்வதற்குள் ஒவ்வோர் இடுக்காக அடைத்து, மேலே பேப்பரை மறுபடி ஒட்டி முடித்தார்.

மறுநாள் உர்சுலா கட்டிலில் படுத்துச் சுவரைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. “எங்க அண்ணன் என்னமா அடைச்சிருக்காரு பாருங்க,” என்றாள்.

அவளுக்கு இருந்த ஒரே பிறந்தவீடு அவன்தான். “ஆமா,” என்றார் கொர்னேலியஸ்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் வாலண்டைன் வந்து அந்தச் சுவரில் சாய்ந்து காப்பி குடிப்பான். தங்கச்சிக்காக நானே அடைச்ச செவுரு என்று வருபவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். கொர்னேலியஸ் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவார்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோதும் வாலண்டைன் சொன்னான்: “எட்டு வருசம் கூட இருந்துச்சின்னா, அது இந்தக் கையாலதான்.”

கொர்னேலியஸ் எழுந்து கதவைத் திறந்தார்.

“கெளம்பு மச்சான். இனிமே இந்த வீட்டுக்கு வராத.”

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பெண்டாட்டியை இழந்தவர், என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து உட்காரவைத்தார்கள்.