புதுக் குசினிக்கு எந்த அடுப்பு

சுவர் பூசுவதற்கு முன்பே அடுப்பு முடிவாகிவிட வேண்டும் என்று கணவர் பிடிவாதமாக நின்றார். மேசன் வேலை செய்கிறவர். எங்கள் வீட்டைத் தானே கட்டினார். விறகென்றால் சுவரோடு சேர்த்துப் புகைக்கூடு எழுப்ப வேண்டும். காஸ் என்றால் மாபிள் பதித்த மேடை மட்டும் போதும். "பூசின பிறகு உடைக்கச் சொன்னா நான் உடைக்கமாட்டன்" என்று காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்தார். மேசனைக் கட்டிக்கொண்டவளுக்கு, வீடு கட்டக் கொடுத்தவளுக்குக் கிடைக்கிற மரியாதைகூடக் கிடைக்காது.

நான் காஸ் பக்கம். அம்மாவுக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும். தமிழ்நாட்டு அகதி முகாமில் எங்களுக்குப் படுப்பதும் சமைப்பதும் ஒரே அறைக்குள். அந்த விறகுப் புகையெல்லாம் அவருடைய நெஞ்சுக்குள்தான் போயிருந்தது. இனிமேல் புகைக்குக் கிட்டப் போகவே கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்தார். கணவர் விறகுப் பக்கம். காஸ் தட்டுப்பாட்டுக் காலத்தில் வெறும் சிலிண்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், மன்னார் ரவுனில் வரிசையில் நின்று, அதே வெறும் சிலிண்டரோடு திரும்பி வந்தவர். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. "வளவுக்குள்ள பனைமட்டை கிடந்து உக்குது. நான் ஏன் கடைக்காரனைக் கெஞ்சோணும்?" என்பார்.

அம்மாவைக் கேட்டால், "உங்கட வீடு, நீங்களே பாருங்கோ" என்பார். எனக்கு எரிச்சல் வரும். நான் வேலைக்கென்று கந்தோருக்குப் போனால் பின்னேரம்தான் வருவேன். சமைக்கப் போவது அவர்தான். அவர் சமைத்து நாங்கள் சாப்பிடுவது முகாமிலிருந்தே வழக்கம். அதைவிட அவருக்கு வேறு பெருமையும் இல்லை.

கடைசியில் நான்தான் வென்றேன். மேடை வந்தது, புகைக்கூடு வரவில்லை.

வீடு மந்திரிக்கப் பாதர் வந்த நாள் நல்ல சோளகம். எங்கள் ஊர் தோட்டவெளியில் சோளகக் காற்றுத் தொடங்கினால் கொடியில் உடுப்பு நிற்காது. ஆனால் புதுவீட்டில் பால் காய்ச்சும்போது கதவு யன்னல் ஒன்றையும் சாத்தக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட்டோம். அம்மா புது அடுப்பைப் பற்றவைத்து, பானையில் பாலை ஊற்றி, அது பொங்குவதைப் பார்க்கக் காத்து நின்றார். மற்றவர்கள் முன் அறையில் செபம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

செபம் முடிய முன்பே எனக்குக் காஸ் மணத்தது. குசினிக்கு ஓடினேன். காற்று நெருப்பை அணைத்துவிட்டிருந்தது, காஸ் சீறிக்கொண்டிருந்தது. மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாத அந்த மணத்துக்குள் அம்மா ஆறுதலாக நின்று, நெருப்புப் பெட்டியில் குச்சி எடுத்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பறித்து, அடுப்பைத் திருகிப் பூட்டினேன்.

"அம்மா, உங்களுக்கு மணக்கேல்லையோ?"

கையிலிருந்த குச்சியை மேடையில் வைத்தார். பிறகு, "எனக்கு மணம் தெரியாமப் போய்க் கனகாலம், பிள்ளை" என்றார். முகாமிலேயே போய்விட்டதாம்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா என்னை அடுப்புக்குக் கிட்ட விடமாட்டியள்."

எனக்குக் கோபம் வந்தது. குழம்பை இறக்கும்போதெல்லாம் "மணக்குதே?" என்று எங்களைக் கேட்பார். தன் சமையலுக்குத் தானே பாராட்டுக் கேட்கிறார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவர் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டிருக்கிறார்.

பாதரை எவ்வளவு நேரம் காக்கவைப்பது? கணவர் வெளியே போய், காற்றுப் படாத சுவரோரமாக மூன்று கல்லை வைத்து, பனைமட்டையும் சிரட்டையும் போட்டு மூட்டினார். பால் அங்கேதான் பொங்கியது. அம்மா புகையில் இருமினார்.

வந்தவர்கள் போன பிறகு, "இனி மாமி காஸைத் தொடக்கூடாது" என்றார் கணவர். சமையலை இனி நானே பார்க்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "ஓம்" என்றார். மறுநாள் நான் கந்தோரால் வந்தபோது, காலையில் விட்டுப்போன அதே கதிரையில், அதே மாதிரி இருந்தார். பசிக்குதோ என்று கேட்டேன். தெரியாது என்றார். அந்தக் கிழமை முழுவதும் அப்படித்தான். பின்னேரத்தில் படலையைத் திறந்து உள்ளே போகவே எனக்குப் பயமாக இருந்தது.

அந்த மூன்று கல்லுக்கும் மேலே ஒரு கூரை போடுங்கோ என்று கணவரிடம் சொன்னேன்.

"மாமியின்ர தொய்வு?"

"தெரியும்."

"டொக்டர் சொன்னது..."

"தெரியுமப்பா. போடுங்கோ."

நாலு பக்கமும் திறந்த கொட்டில் போட்டுக் கொடுத்தார். புகையில் பாதி காற்றோடு போகும், பாதி அம்மாவிடம் போகும். முதல்நாள் அதில் மீன்குழம்பு வைத்தார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். இருமினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் குந்தியிருந்தார். திரும்ப எழும்பிச் சட்டியை இறக்கினார். பிறகு, அந்தக் கிழமை முழுவதும் கேட்காத சத்தத்தில், "சாப்பிட வாங்கோ" என்று கூப்பிட்டார். நாங்கள் போய் இருந்தோம்.