அண்ணனின் நெஞ்சுப்பட்டை

அண்ணன் இறந்த செய்தி வந்ததும், சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் எல்லோரும் வாசலுக்கு ஓடிப் போய் வானத்தைப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பட்டாசு ஆலையில் வேலை செய்கிற ஆள் திடீரென்று போய்விட்டான் என்றால், முதலில் புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்ப்பார்கள். அன்று வானம் வெளுத்துக் கிடந்தது. ஒரு கோடு புகை இல்லை.

"எந்தக் கம்பெனிம்மா?" என்று மிஷினை நிறுத்திவிட்டு வந்த ராக்கப்பன் கேட்டார்.

"கம்பெனி இல்லையாம். ஆனைக்குட்டம் அணைக்கரையிலயாம்."

"கரையில ஏதும்மா ஆலை?"

எனக்கும் புரியவில்லை. தொலைபேசியில் சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். முனியராஜ் கரையில் ஓடிக்கொண்டிருந்தான், விழுந்தான், எழவில்லை. அந்த மூன்று வாக்கியங்களும் என் காதில் விழுந்தன. ஆனாலும் வண்டியில் போகும்போது எந்த அறை வெடித்தது, கூட யார் யார் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

அண்ணன் மனைவி மாரிசெல்விக்கு, என் மதினிக்கு, இன்னும் மோசம். வீட்டு வாசலில் வெடிக்குக் காகிதக் குழல் சுற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் யாரோ வந்து "ஒங்க வீட்டுக்காரரு போயிட்டாரு" என்றதும், அணைக்கரைக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் ஆலைக்கு ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை. கேட்டைப் போட்டு அடித்தாள். காவலாளி பெத்தணன் பதறிக்கொண்டு வந்தார்.

"உள்ள யாருமில்ல தாயி. மருந்து ரூம் ஆளுக மத்தியானமே போயிட்டாகல்லா?"

"மறைக்காதீக. தொறங்க."

"சத்தியமா ஒண்ணும் நடக்கல தாயி. வெடிச்சா எனக்குக் கேக்காதா?"

அவள் நம்பவில்லை. கடைசியில் அவர் கேட்டைத் திறந்து, வெடிமருந்து கலக்கும் அறைவரை கூட்டிக்கொண்டு போய், கதவில் தொங்கிய பூட்டைக் காட்டியிருக்கிறார். சுவர் வெள்ளையாக இருந்தது. கூரை இருந்தது. வாசலில் பதித்த செம்புத் தகடு இருந்தது. அதையெல்லாம் பார்த்த பிறகு, அந்த இடத்திலேயே, அவளுக்கு ஒரு நிமிடம் சந்தோஷம் வந்ததாம். எனக்குப் பிறகு சொன்னாள். "பொய்ச் சேதின்னு நெனச்சு வீட்டுக்குத் திரும்பினேன். ராத்திரிக்கு என்ன கொழம்பு வைக்கலாம்னு யோசிச்சேன்."

பாதி வழியில்தான் ஆட்கள் அவளை மறித்துக் கரைக்குக் கூட்டிப் போனார்கள்.

ஆஸ்பத்திரியிலும் அதே கதை. தள்ளுவண்டியைக் கண்டதும் நர்ஸ் கேட்டது, "எத்தனை பர்சன்ட்?" தீக்காயம் எவ்வளவு என்று அர்த்தம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அதுதான் முதல் கேள்வி. துணியை விலக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. காது மடிப்பில் மட்டும் அலுமினியப் பவுடர் மினுங்கியது. மார்பைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. "இது என்ன?" என்று கேட்டார்.

அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்வதென்றால் அண்ணன் ஓட ஆரம்பித்ததிலிருந்து சொல்ல வேண்டும்.

அண்ணனுக்கு மருந்து கலக்கும் வேலை. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை அது. விடியும்போதே போய்விடுவான், பருத்திச் சட்டைதான் போடுவான், கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பான். மத்தியானத்துக்கு முன்னால், அலுமினியப் பவுடர் படிந்து தலையிலிருந்து கால்வரை வெள்ளியாக வீடு திரும்புவான். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தப் பவுடர் முழுதாகப் போகாது. அவன் தலையணை உறைகூட வெயிலில் மினுங்கும்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பக்கத்து அறையில் தீப்பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் வேலிவரை ஓடி நின்றுவிட்டார்கள். அண்ணன் நிற்கவில்லை. வேலியைத் தாண்டி, காட்டுவழியே ஓடி, வீட்டு வாசலில் வந்துதான் நின்றான். மதினி தண்ணீர் கொடுத்தபோது, மூச்சு வாங்காமல், "ஏ மாரி, எனக்கு எளைக்கவே இல்லையே!" என்றானாம். அந்த ஆச்சரியத்தில்தான் மறுநாள் சும்மாவே ஓடிப் பார்த்தான். அப்புறம் விடவில்லை.

ஊரில் கேலிக்குப் பஞ்சமா? கூட மருந்து கலக்கும் செல்லப்பாண்டிதான் முதல் ஆள்.

"ஏலே மாப்ள, இன்னும் ஓடிக்கிட்டா இருக்க? அந்தத் தீய அன்னைக்கே அணைச்சாச்சுலே!"

"நீ தொந்தியோட நில்லு மச்சான். அடுத்தவாட்டி வெடிச்சா தெரியும், யாரு முந்துறான்னு."

அவன் சாயங்காலங்களில் கரையில் ஓடுவதைப் பார்த்துச் சின்ன முதலாளி சீனிவாசகமும் சேர்ந்துகொண்டார். எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அவரைப் பயமுறுத்தியிருந்தார். சிங்கப்பூரிலிருந்து ஒரு வாட்ச் வரவழைத்தார். தீப்பெட்டி அளவுக்குத் தடித்த வாட்ச். ஆகாயத்திலிருந்து சாட்டிலைட் பார்த்து எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம் என்று சொல்லும். கூடவே மார்பில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. அது இருதயத் துடிப்பைக் கணக்கெடுத்து வாட்சுக்கு அனுப்பும்.

சீசன் சூடு பிடித்ததும் சின்ன முதலாளி ஓட்டத்தை விட்டார். "எங்கிட்ட இருந்தா தூசிதான் படியும். நீயே வச்சுக்க முனியராஜ்" என்று வாட்சையும் பட்டையையும் கொடுத்துவிட்டார்.

அண்ணனுக்கு அது தெய்வம் வந்த மாதிரி. ஆலைக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பான். சாயங்காலம் கரையில் போய்க் கையை உயர்த்திக்கொண்டு நிற்பான், சாட்டிலைட் பிடிக்க. ஆடு மேய்க்கிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"என்ன முனியராஜு, அங்கன ஆண்டெனாவா திருப்புதீக? படம் தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. ஒங்க ஆடு எவன் வெள்ளாமைல நிக்கின்னுகூடத் தெரியுது."

அவன் இறந்த அந்த வருடம் விருதுநகர் மைதானத்தில் முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கான தடகளப் போட்டி என்று அறிவிப்பு வந்தது. பத்தாயிரம் மீட்டருக்குப் பெயர் கொடுத்தான். அதற்கு முன்னால் எந்தப் போட்டியிலும் ஓடியதில்லை. பனியனில் எண் எழுதிய துணியைக் குத்திக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒருமுறை ஓட வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான். மதினியிடம் ஊக்கு எடுத்துவைக்கச் சொல்லியிருந்தான்.

ஆடி மாதத்தில் வாட்ச் விநோதமான எண்களைக் காட்ட ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பான், துடிப்பு நூற்றைம்பது என்று இருக்கும். திடீரென்று இருநூற்றைத் தாண்டி ஏறிவிடும். நின்றாலும் இறங்காது. ஒருநாள் ஓடவே ஆரம்பிக்கவில்லை, கரையில் ஏறும்போதே அப்படிக் காட்டியிருக்கிறது.

அவன் பயப்படவில்லை. வாட்ச் கெட்டுப்போய்விட்டது என்றுதான் கவலைப்பட்டான். ஆலை வாசலில் சின்ன முதலாளியைப் பிடித்து நிறுத்திக் கேட்டான். அவர் வாட்சோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்து வாசித்துச் சொன்னார்: சட்டை உரசி நிலைமின்சாரம் உண்டானால் தப்பான எண் வரலாம், பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும்.

நிலைமின்சாரம். அந்த வார்த்தையைக் கேட்டதும் நின்றிருந்த அத்தனை பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. வேறு ஊரில் இதைச் சொல்லியிருந்தால் அப்படியா என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஆட்கள் தினமும் செம்புத் தகட்டைத் தொட்டு வாழ்கிறவர்கள். நைலான் சட்டை ஒரு அறையையே தூக்கிவிடும் என்று பார்த்தவர்கள். உலோகப் பவுடர் என்னென்ன செய்யும் என்று உடம்பால் அறிந்தவர்கள்.

"அட, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு இருந்தியாலே?" என்றார் செல்லப்பாண்டி. "ஒன் நெஞ்சு பூராம் அலுமினியப் பவுடரு. அது மேல கரண்டு பாக்குற பட்டையக் கட்டுனா, பாவம், அது என்னத்தச் சொல்லும்? உள்ள தீபாவளின்னு நெனச்சிருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். சின்ன முதலாளிகூட, "இருக்கலாம், இருக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து ஓடப் போகுமுன் மார்பைப் பீர்க்கங்காய் நாரால் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் குளித்தான். எண் ஏறினால் கரையில் உட்கார்ந்து, பட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் மார்பைத் துடைத்து மறுபடி கட்டுவான். அதற்குள் எண் இறங்கியிருக்கும். துடைத்ததால் இறங்கியது என்று நினைத்தான். உட்கார்ந்ததால் இறங்கியது என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒருமுறை மதினியிடம் சொல்லியிருக்கிறான், "நெஞ்சுக்குள்ள கெண்டை துள்ளுற மாதிரி இருக்கு மாரி" என்று.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்களேன்."

"போட்டி முடியட்டும். இப்பப் போனா, ஓடாதம்பாக."

ஆவணி பிறந்து சில நாள்தான். கரையில் ஆடு மேய்த்தவர்கள் கடைசியாகப் பார்த்தது இதுதான்: அவன் நின்று, வாட்சைப் பார்த்து, சட்டைக்குள் கைவிட்டு மார்பைத் துடைத்திருக்கிறான். பிறகு மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறான்.

பிரேதப் பரிசோதனை முடிந்து டாக்டர் வெளியே வந்து, இருதயம் என்றார். பிறவியிலேயே தசை தடித்த இருதயமாம். "முன்னாடி எதுவுமே தெரியலையா? படபடப்பு, மயக்கம், எதுவும்?"

மதினிதான் பேசினாள். "வாட்ச் காமிச்சுது. எரநூறுக்கு மேல."

டாக்டர் அவளைப் பார்த்தார். "காமிச்சுதா? அப்புறம் ஏன்மா கூட்டிட்டு வரல?"

"பவுடர்னு நெனச்சோம்யா."

அவருக்குப் புரியவில்லை. வெளியூர்க்காரர். என்ன பவுடர் என்று கேட்டார். அந்த வராந்தாவில் நின்று சொல்லச் சொல்ல, எங்கள் காதுக்கே அது வேறு மாதிரிக் கேட்டது. ஆலை வாசலில் அவ்வளவு தெளிவாக இருந்த விஷயம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது செல்லப்பாண்டி வந்தார். காலையில் காரியத்துக்கு அவர் வரவில்லை. வேலை முடித்து நேராக வந்திருந்தார். குளிக்கவில்லை. முகம், கழுத்து, கை எல்லாம் வெள்ளி.

"தங்கச்சி, அந்தப் பட்டையக் குடு."

மதினி உள்ளே போய்ப் பட்டையையும் வாட்சையும் எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தது, பிரிக்கவே இல்லை.

"நான்தான் மொதல்ல சொன்னேன், பவுடருன்னு" என்றார். "பொய்யா சொன்னேன்? வேணும்னுதான் குளிக்காம வந்திருக்கேன். கட்டிப் பாத்துருவோம்."

குழாயடியில் பட்டையை நனைத்தார். சட்டையைக் கழற்றி மார்பில் கட்டிக்கொண்டார். அண்ணன் மார்பைவிட அவர் மார்பில் பவுடர் அதிகம். பட்டை ஓரத்தில் ஈரம் பட்டு வெள்ளிச் சேறு வழிந்தது. மதினி வாட்சைக் கையில் வைத்திருந்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. எழுபத்தெட்டு.

"கொஞ்சம் பொறு" என்றார். "காயட்டும். காஞ்சாத்தான் ஏறும்."

காத்திருந்தோம். நான் கும்பிடாத சாமி இல்லை. அந்த எண் ஏறிவிட வேண்டும், இருநூற்றைத் தாண்டி எகிறிவிட வேண்டும் என்று மூன்று பேரும் அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுபத்தெட்டு.

திடீரென்று அவர் தெருவில் இறங்கி ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொந்தி குலுங்க, கோயில்வரை போய்த் திரும்பி வந்தார். தெருவில் யாரும் சிரிக்கவில்லை. வாட்சில் எண் நூற்றைம்பதுக்குப் போயிருந்தது. அவர் திணறித் திணறி மூச்சு வாங்கினார். துடைக்கவில்லை, பட்டையைத் தொடவில்லை. சும்மா நின்றார். எண் ஒவ்வொன்றாக, ஒழுங்காக, இறங்கியது.

"எம்புட்டு காமிக்குது?"

நான் சொன்னேன்.

"சரியாத்தான காமிக்குது?" என்றார். "இத்தன பவுடரு இருக்கு. சரியாத்தான காமிக்குது?"

அவர் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளி அப்பிய முகத்தில் கண்ணீர் இறங்கி இரண்டு கறுப்புக் கோடுகள் போட்டது. பட்டையைக் கழற்றுவதற்கு முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"கழட்டாதீகண்ணே" என்றாள் மதினி.

வாட்சை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். அதற்குள் எண் மாறிக்கொண்டே இருந்தது.

"இன்னுங் கொஞ்ச நேரம் துடிக்கட்டும்."