கண்மாய்க் கரையைத் தாண்டிய பஸ்

போன வருடம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்திருந்த சமயம். வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்குப் போய், ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள் நான். ஒன்பதரைக்குள் கைரேகை வைக்காவிட்டால் அரை நாள் லீவு என்று எழுதிவிடுவார்கள். காலையில் என் கண் எப்போதும் செல்போன் கடிகாரத்தின் மேல்தான் இருக்கும்.

அன்று பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஊரைத் தாண்டியதும் கண்மாய்க் கரைமேல் ரோடு. ஒரு பக்கம் ததும்பி நிற்கும் தண்ணீர், மறுபக்கம் ஆள் உயரப் பள்ளத்தில் வயல். தடுப்புச் சுவர் கிடையாது. கரைமேல் ஏறியதிலிருந்து பஸ் ஊர்ந்துகொண்டே போனது. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும், தினமும் பார்க்கிற முகம். இடது கையால் சட்டைப்பையை அடிக்கடி அழுத்திக்கொண்டே ஓட்டினார். செல்போனைத் தேடுகிறார் போல என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, வண்டிய ஓட்டுறீகளா, உருட்டுறீகளா?" என்று கத்தினேன். பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பெருமை வேறு!

அவர் திரும்பவில்லை. கரை முடிந்து ரோடு அகலமாகிற இடத்தில் பஸ்ஸை ஓரங்கட்டினார். இஞ்சினை அணைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அப்படியே ஸ்டீயரிங்மேல் சாய்ந்துவிட்டார். ஹாரன் விடாமல் அலறியது. "என்னய்யா இது ரோதனை" என்று பின்னாலிருந்து ஒருவர் திட்டியது இப்போதும் காதில் இருக்கிறது.

கண்டக்டர் ஓடிப்போய் அவரைக் கீழே இறக்கிப் படுக்க வைத்தார். யாரோ 108க்குப் போன் செய்தார்கள். ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்தார். அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது. அவ்வளவுதான், எல்லோரும் விழுந்தடித்து ஓடினோம். நான் ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பையைப் போட்டுக் கடைசி சீட்டில் இடம் பிடித்தேன்.

எங்கள் கண்டக்டர் அந்த பஸ்ஸின் படியில் நின்று கெஞ்சினார். "கடேசி சீட்ட மட்டும் விடுங்க சாமி, படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவோம்!"

"அதான் 108 வருதுல்ல?" என்றது ஒரு குரல். கடைசி சீட்டில் ஒருவரும் அசையவில்லை. நானும்தான். கீரைக்கூடையோடு வந்த அம்மா மட்டும், "நீங்கள்லாம் மனுசங்கதானா?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கீழேயே நின்றுவிட்டார். பஸ் கிளம்பியது. ஒன்பது இருபத்தைந்துக்கு நான் கைரேகை வைத்தேன்.

ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

மறுநாள் பேப்பரில் நாலு வரி. 'பயணிகள் அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினர்' என்று போட்டிருந்தார்கள். வீடியோ எடுத்த புண்ணியவானோ அதற்குச் சோகப் பாட்டு சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். எனக்கு அப்போதே மனசு உறுத்தியது. ஆனால் வயிறு எரிந்தது, மூன்றாம் நாள் கண்டக்டர் சொன்னதைக் கேட்டுத்தான்.

"கரையேறும்போதே நெஞ்சு வலிக்குதுன்னாரும்மா. நிப்பாட்டுங்கண்ணேன்னேன். 'மழையில ஓரம் பூராம் எளகிக் கெடக்கு, இம்புட்டு பாரத்தோட ஒதுக்குனா சரிஞ்சிரும். சனங்ககிட்டச் சொல்லாத, பதறி ஒரே பக்கமா எந்திரிச்சிருவாக. கரையத் தாண்டி விட்டுர்றேன்'னாரு."

எதய்யா அதிர்ஷ்டம்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் ஓட்டிய ஓட்டமா அதிர்ஷ்டம்? எங்கள் அத்தனை பேரையும் கரை சேர்த்துவிட்டுச் சாய்ந்தவருக்கு, ஒரு சீட்டை விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை. மறுவாரம் பஸ்ஸில் இதைச் சொல்லிக் கத்தினேன். "விதிம்மா" என்றார் ஒருவர். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காததற்குப் பெயர் விதியாம்!

பொறுக்க முடியாமல் கண்டக்டரிடம் விலாசம் கேட்டு டிரைவர் வீட்டுக்குப் போனேன். நான் கத்தியது, சீட் பிடித்தது எல்லாவற்றையும் அவர் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டட்டும் என்றுதான் போனேன். அவர் திட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஒரு கீரைக்கார அக்கா மட்டும் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துச்சாம். மத்தவுகளுக்கெல்லாம் அப்படி என்னம்மா அவசரம்?"

கைரேகை வைக்கணும் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஊர்மேலும் பேப்பர்மேலும் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நிமிடமே என்மேல் திரும்பிவிட்டது, இன்றுவரை அது ஆறவில்லை, ஆறவும் கூடாது.