பெட்டரிக்குள் வைத்த அளவுமானி

சுனாமியில் கடல் வந்து, நான் ராத்தா என்று கூப்பிடும் என் அக்காவின் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோய் ஒன்றரை வருடம். மருதமுனையில் தகரக் கொட்டிலொன்றில் அவர் மறுபடி பிள்ளைத்தாச்சியாக இருந்தார். பாண்டிருப்பிலிருந்து வரும் மிட்வைஃப் மிஸ்ஸி, நிவாரணத்தில் கிடைத்த சின்னக் கருவியொன்றை வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கவைப்பார். அதற்கு சார்ஜ் ஏற்றி மாற்றி மாற்றிப் போட மூன்று பெட்டரிகள் இருந்தன.

ஒருநாள் திரைச்சீலைக்கு இப்பால் நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். அவசரமாய் நெய்கிற தறியைப் போலத் துடிப்பு ஓடியது. சட்டென்று நின்றுவிட்டது.

"மிஸ்ஸி, இந்தப் புள்ளையும் போயிட்டா?" ராத்தா அலறினார்.

"இல்லம்மா, பெட்டரிதான் முடிஞ்சிட்டு. பாதிக்கு மேல இருக்கெண்டுதான் காட்டின."

வேறு பெட்டரி போட்டதும் துடிப்பு திரும்பிவந்தது. ராத்தா மிஸ்ஸியை விடாமல் இன்னொரு தரம் கேட்கவைக்கச் சொன்னார்.

கல்முனையில் எனக்கு ரேடியோ, ஃபோன் திருத்தும் கடை இருந்தது. கருவியை அங்கே கொண்டுபோய்த் திறந்தேன். பெட்டரியில் மிச்சமுள்ள சார்ஜைக் கணக்கிடும் அளவுமானி கருவியின் மின்சுற்றுப் பலகையில் இருந்தது. பெட்டரியை மாற்றினாலும் பழைய பெட்டரியின் கணக்கையே அது தொடர்ந்தது. வோல்ட்டை வைத்து மிச்சம் தெரியுமா என்று அளந்து பார்த்தேன். அது கடைசிவரை பெரிதாக இறங்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று விழுந்தது. அதையும் நம்ப முடியாது.

பிறகு ஒரு பழைய லெப்டொப் பெட்டரியை உடைத்தேன். அளவுமானி அதன் உள்ளேயே இருந்தது. கொம்பியூட்டரில் இணைத்துப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. எத்தனை தரம் சார்ஜ் ஏறியது, எவ்வளவு தேய்ந்தது, எல்லாம் அதற்கு ஞாபகம் இருந்தது. யாரும் தொடாமல் அலுமாரியில் கிடந்த காலமெல்லாம் தன்னை மறக்காமல் கிடந்திருக்கிறது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன்.

கருவிக்குள் என்றால் ஒன்று போதும், பெட்டரிக்குள் என்றால் மூன்று வேண்டும். மூன்றே வைப்பதென்று முடிவெடுத்தேன். கொழும்பிலிருந்து பொத்தானை அழுத்தினால் மிச்சத்தை விளக்குகளால் காட்டும் சிறிய அளவுமானிகளை எடுப்பித்து, மூடியின் உட்பக்கத்தைச் சுரண்டி இடம் பண்ணி, ஒவ்வொரு பெட்டரிக்குள்ளும் ஒன்று வைத்தேன். தன் கொள்ளளவை அது தானே படித்துக்கொள்ள ஒருதரம் முழுக்க ஏற்றி முழுக்க இறக்கினேன்.

மிஸ்ஸி மூன்றின் பொத்தானையும் அமத்திப் பார்த்தார். ஒன்றில் நாலு விளக்கு, ஒன்றில் இரண்டு, மற்றதில் ஒன்று.

"ஓம் தம்பி, ஒவ்வொண்டும் தன்ட நிலவரத்தத் தானே கதைக்குது!"

ராத்தாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. யுத்தம் முடிந்தபின் மிஸ்ஸி கோமாரிப் பக்கம் மாற்றலாகிப் போனார். கருவியையும் பெட்டரிகளையும் கூடவே கொண்டுபோனார்.