லேபிள் இல்லாத பாட்டில்

காப்பிக் கோப்பைகளைப் பியூரெட் அக்கா மூன்று தரம் அலசுவாள். இரண்டு தரம் குழாய்த் தண்ணீர், மூன்றாவது காய்ச்சி வடித்த தண்ணீர். பிறகு சுவரில் இருந்த மர முளைகளில் தலைகீழாகக் கவிழ்ப்பாள். இருபத்திரண்டு வருடம் வேதியியல் கூடத்தில் பியூரெட் என்கிற அளவுக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிய கை அது; பெயரும் அதில் வந்ததுதான்.

பல்கலைக்கழகம் புது வளாகத்துக்குப் போன பிறகு மூன்று வருடம் பூட்டிக் கிடந்த கட்டிடத்தில் இப்போது 'புதுத்தொழில் மையம்' என்று பலகை தொங்கியது. பன்னிரண்டு சின்னக் கம்பெனிகள். அமில வாடை போக வைத்திருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் தலையை நுழைத்துப் போன் பேசினார்கள். பழைய ஆட்களில் மிஞ்சியவள் அக்கா ஒருத்திதான். அவளுடைய பதவி தேவையா இல்லையா என்று மேனேஜர் அந்த வாரத்துக்குள் ஒரு படிவத்தில் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். ஓய்வுக்கு நான்கு வருடம் இருந்தது. வீட்டுக்காரரோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட அதற்குள் என்ன அவசரம் என்பது அக்காவின் கட்சி.

"லேபே இல்லாத இடத்துல லேப் உதவியாளர் எதுக்குன்னு கேக்கறாங்கக்கா. நான் என்ன எழுதட்டும்?" என்றாள் மேனேஜர். முப்பது வயது, தன்மையான பெண்.

"ஃபிரிட்ஜை யாரு பாத்துக்கறாங்கன்னு எழுதும்மா."

தராசு அறையில் தண்ணீரைச் சோதிக்கும் கருவி செய்த கம்பெனி, அக்காவின் மூத்த மாப்பிள்ளையுடையது. சிபாரிசு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று கட்டிடத்துக்குள் அவள் அவனைச் 'சார்' என்பாள், அவன் அவளை 'மேடம்' என்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அத்தையும் மாப்பிள்ளையும்.

பெரிய கம்பெனிக்காரர்கள் அந்தக் கருவியைப் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை ஃபிரிட்ஜைத் திறந்தான். திறந்தபடியே நின்றான்.

"அத்தை! இங்க ஒரு பாட்டில் வச்சிருந்தேனே?"

நடைகூடத்தில் நான்கு தலைகள் திரும்பின. அக்கா அசரவில்லை.

"லேபிள் இருந்துச்சா?"

"அது சாயப்பட்டறைத் தண்ணி அத்தை. ரெண்டு மாசம் கெஞ்சி வாங்கினது."

"எனக்கெப்படித் தெரியும்? லேபிள் இல்லாத பாட்டில்ல விஷம்னுதான் எங்க லேப்ல கணக்கு. கழிவுக் கேன்ல கொட்டிட்டேன்."

"கேன்லயிருந்து எடுத்துடலாமா?"

"எடுக்கலாம். ஆனா ஏழு பாட்டில் சேந்திருக்கு. மேனேஜரம்மா காலையில குடிக்கிற பச்சை ஜூஸும் அதுலதான்."

வேறு வழியில்லை. அந்தக் கேனிலிருந்தே ஒரு குவளை மொண்டு வைத்தான். கருவியை உள்ளே இறக்கியதும் திரை செக்கச்செவேலென்று சிவந்து, வண்டி ஹாரன் மாதிரி கத்தியது. வந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"இவ்வளவு மோசமான தண்ணி எங்க கிடைச்சுது?" என்றார் மூத்தவர்.

"உள்ளூர்லதான்" என்றான் மாப்பிள்ளை. குவளையில் மிதந்த பச்சையை அடையாளம் கண்டுகொண்ட மேனேஜர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விருந்தினர் போன பிறகு மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். மேஜைமேல் அந்தப் படிவம். மாப்பிள்ளை கதவோரம் நின்றான்.

"மாமியார்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா ஃபிரிட்ஜ்ல எடம் புடிச்சுக் குடுத்தேன்னு சொல்வாங்க."

"சரி. நாளைக்கும் லேபிள் இல்லாம இருந்தா கொட்டுவீங்களா?"

மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அக்காவுக்குத் தெரிந்தது. அது வாயில் வரவில்லை.

"கொட்டுவேம்மா. ஒருநாள் நெசமாவே விஷமா இருந்தா?"

மேனேஜர் எழுந்து போய் ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டு வந்தாள். பாட்டிலைக் கொட்டிய செய்தி பரவி, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே இருந்த அத்தனைக்கும் லேபிள் ஏறியிருந்தது. 'குடிதண்ணீர். ஐந்தாம் அறை. சத்தியமாக விஷமில்லை' என்று ஒன்று. மேனேஜர் பேனாவைத் திறந்து படிவத்தில் 'தேவை' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து 'மிகவும்' என்று முன்னால் சேர்த்தாள்.

அக்கா மேஜைமேல் இருந்த எச்சில் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள்.

"அத்தை, நான் லேபிள் ஒட்டாததை உங்க பொண்ணுகிட்டச் சொல்லப் போறீங்களா?" என்றான் மாப்பிள்ளை.

அக்கா தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவனைத் தாண்டி வெளியே போனாள்.