முன்னால் நிற்கிறவள்

அடி வாங்குவதில் என்னை மிஞ்ச எங்கள் ஊரில் ஒருவரும் இருந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அதனால் மெதுவாகத்தான் வரும், படிக்கிறவர்களும் மெதுவாகவே படிக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மருமகள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அரூரில் வேலைக்குப் போகிறவள். கூட வேலை பார்க்கிறவர்களோடு சேர்ந்து போனில் ஏதோ சண்டை விளையாட்டு விளையாடுவாள். எட்டிப் பார்த்தேன். தலையிலிருந்து கால் வரை இரும்பு மாட்டிய ஒரு பெண்பிள்ளை நின்றாள்.

“யாரு இவ, ராணியா?”

“ராணி இல்லீங்க அத்தை. இவ எங்க கூட்டத்துக்கு முன்னாடி நிக்கறவ. டேங்க்குன்னு சொல்லுவோம். எதிரி அடிக்கறதையெல்லாம் இவளே வாங்கிக்குவா. பின்னாடி அம்பு விடறவங்க, மருந்து போடறவங்கெல்லாம் தப்பிச்சுக்குவாங்க.”

“இவ திருப்பி அடிக்க மாட்டாளா?”

“அடிப்பா, கொசு கடிக்கற மாதிரி. வெளையாட்டுல கெடைச்ச பாயிண்ட்டெல்லாம் கவசத்துக்கும் கேடயத்துக்கும் போட்டுட்டேனுங்க. வேகத்துக்கு ஒண்ணும் மிச்சமில்ல.”

“அப்ப தப்பா செஞ்சிருக்கற. நகரவே முடியாதவள முன்னாடி நிறுத்தி என்ன பிரயோசனம்? நான் உமி அடைச்சுப் பார்த்தவ, எனக்குத் தெரியும்.”

மருமகள் போனைக் கீழே வைத்துவிட்டாள். “என்னது, உமியா?” என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மொரப்பூருக்குக் கிழக்கே. எனக்கு நாலு வயதாக இருக்கும்போதே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா சிக்கமகளூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போனவர், வருஷத்துக்கு ஒருமுறை வருவார், சில வருஷம் வரமாட்டார். நான் பெரியப்பா வீட்டில் வளர்ந்தேன். அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். வயிற்றுக்குக் களி இருந்தது, உடம்புக்குத் துணி இருந்தது. பெரியம்மாவுக்குப் பேச்சு மட்டும்தான் குறைவு. ஊரில் யார் வீட்டு வாசலையும் மிதிக்கமாட்டாள். அடுப்புக்கு நெருப்பு இல்லை என்றாலும் பக்கத்து வீட்டில் போய்க் கேட்கமாட்டாள், தீப்பெட்டி வாங்கக் கடைக்கு என்னைத்தான் விரட்டுவாள். என்னைக் கொஞ்சியதும் கிடையாது, கைநீட்டி அடித்ததும் கிடையாது.

எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும். அந்த வருஷம் திரௌபதையம்மன் கோயிலில் பாரதக்கூத்து வைத்தார்கள். அது முடிந்த மறுநாளிலிருந்து ஊர்ப்பிள்ளைகளுக்கு ஒரே வேலை, காய்ந்த ஏரிக்குள் பாரதச் சண்டை. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பெயர்த்து எடுத்தால் கைக்கு அடக்கமான மண்ணாங்கட்டி. கோயில் தெரு ஒரு கட்சி, ஏரிக்கரைத் தெரு ஒரு கட்சி. வேப்பங்கொம்பில் சிவப்புத் துணியைக் கட்டி ஒவ்வொரு கட்சியும் ஒரு கொடி நட்டு வைக்கும். எதிராளி கொடியைப் பிடுங்கியவர்களுக்கு வெற்றி.

எங்கள் கோயில் தெருவுக்குத் தலைவன் மணியக்காரர் வீட்டுப் பையன். அவனே அர்ச்சுனன். வேஷம் பிரித்துக் கொடுக்கிறவனும் அவனே. வீமன், நகுலன், கிருஷ்ணன் எல்லாம் போய்விட்டது. நான் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். அதுவரை யாரும் என்னை ஆட்டத்தில் சேர்த்ததில்லை. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கொஞ்சநேரம் யோசித்தான்.

“ஏ புள்ள, இங்க வா. கொடிக்கு முன்னாடி நில்லு. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். அவனுங்க அடிக்கறத வாங்கிக்க. நாங்க சுத்திப்போய் அவனுங்க கொடியப் புடுங்கிட்டு வந்துடறோம்.”

பாரதத்தில் அப்படி ஒரு வேஷமே இல்லை. கூத்து முழுக்க உட்கார்ந்து பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் இத்தனை பேரில் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிற்கச் சொல்லியிருக்கிறான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இல்லாத வேஷம் என்றால் நாமே உண்டாக்கிக்கொள்வோம் என்று வீட்டுக்கு ஓடினேன்.

கூத்தாடிகள் தோளிலும் மார்பிலும் மரக்கட்டை கட்டியிருந்ததைப் பார்த்திருந்தேன். எனக்கு மரத்துக்கு எங்கே போவது? ஒரு கோணிச்சாக்கில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டேன். உள்ளே இன்னொரு சாக்கை வைத்துத் தைத்து, இடையில் நெல் உமியை அடைத்தேன். தலையில் துணிச் சும்மாடு வைத்து, அதன்மேல் ஈயச்சட்டியைக் கவிழ்த்துத் தாடையோடு கயிறு கட்டினேன். முழங்காலுக்குக் கீழே பனைமட்டை. மாட்டிக்கொண்டு நின்றபோது என்னை யாராலும் அசைக்க முடியாது என்று தோன்றியது. என்னாலும் அசைய முடியவில்லை.

முதல் நாள் என்ன ஆனது தெரியுமா? ஏரிக்கரைத் தெருக்காரர்கள் ஓடி வந்தார்கள். இரண்டு கட்டி வீசினார்கள். பொத் பொத்தென்று உமியில் விழுந்தது, எனக்கு வலிக்கவே இல்லை. வலிக்கவில்லை என்று தெரிந்ததும் என்னை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் பிரிந்து சுற்றிப்போனார்கள். நான் திரும்புவதற்குள் கொடி போய்விட்டது. அது மட்டுமா, வேர்வையில் உமி ஒட்டி உடம்பெல்லாம் அரிப்பு. அர்ச்சுனன் என்னைத் திட்டினான்.

“எருமமாட்டுக்குச் சட்டி கவுத்த மாதிரி நிக்கற. நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன் போ.”

அன்றைக்கு ராத்திரி பூராவும் எனக்கு அதே நினைப்பு. கையில் வந்த இடம் போய்விடக்கூடாது. காலையில் எழுந்து உமியைக் கொட்டிவிட்டு கேழ்வரகுத் தாளை அடைத்தேன். எடை பாதியாகக் குறைந்தது, கட்டி விழுந்தாலும் மெத்தென்று வாங்கிக்கொண்டது. கேடயத்துக்குப் பெரியம்மாவின் முறத்தை எடுத்தேன். பழைய முறம் இரண்டு இருந்தது. ஆனால் அந்த வாரம்தான் பெரியம்மா புதுமுறம் ஒன்றுக்குச் சாணமும் வெந்தய விழுதும் பூசி வெயிலில் காயவைத்திருந்தாள். காய்ந்தபின் தட்டினால் பலகை மாதிரிச் சத்தம் வரும். கேடயம் என்றால் அதுதான் கேடயம்.

சுற்றிப்போகிறவர்களை என்ன செய்வது? அதற்கும் வழி கண்டேன். என் வாயை நான் அதுவரை யாரிடமும் திறந்ததில்லை. இப்போது திறந்தேன்.

“டேய், கெணத்துல எறங்கப் பயந்து மேட்டுலயே மூத்திரம் பேஞ்சவனே! எங்கடா சுத்திப் போற? நேரா வாடா!”

“ஏண்டா, ஒங்க தாத்தன் கூத்துல தூங்கி வழிஞ்சு, பக்கத்துல இருந்தவங்க மடியிலயே சாஞ்சவருதானடா?”

“கடைக்கார மவனே, ஒங்கப்பன் வெல்லத்துல மண்ணக் கலக்கறாரே, அந்த மண்ண எடுத்து வீசுடா பாப்போம்!”

அவ்வளவுதான். கொடியை மறந்துவிட்டார்கள். ஏரிக்கரைத் தெரு மொத்தமும் என்மேல் பாய்ந்தது. முறத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நான் இடமும் வலமுமாக நகர நகர, மழை மாதிரிக் கட்டி வந்து விழுந்தது. என் வாய் ஓயவே இல்லை. அந்த இடைவெளியில் எங்கள் ஆட்கள் போய் எதிராளி கொடியைப் பிடுங்கிவிட்டார்கள். மருமகளின் விளையாட்டிலும் இப்படி வம்புக்கு இழுப்பதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறதாம். எனக்குப் பொத்தான் எதுவும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் நாங்கள் தோற்கவே இல்லை. சாயங்காலமானால் எங்கள் வாசலில் வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டு வாசலில் நம்மைத் தேடி நாலு பேர் வந்து நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. ஒன்றுமே காதில் விழாத மாதிரி இரண்டு தடவை கூப்பிட வைத்துவிட்டுத்தான் வெளியே போவேன்.

ஒருநாள் ஒரு கட்டிக்குள் கல் இருந்தது. வேண்டுமென்றே வைத்ததா, ஏரியிலேயே இருந்ததா தெரியாது. வீசியவன் கடைக்காரர் மகன். முறத்தின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து, சட்டிக்குக் கீழே புருவத்துக்கு மேலே பட்டது. ரத்தம் கண்ணில் வழிந்தது. இரண்டு தெருப் பிள்ளைகளும் ஓடிவிட்டார்கள், எங்கள் அர்ச்சுனன் உட்பட. நான் ஓடவில்லை. கொடியைப் பிடுங்க யாருமே இல்லாத ஏரியில், பொழுது சாயும்வரை கொடிக்கு முன்னாலேயே நின்றேன்.

வீட்டுக்குப் போகும்போது எனக்கு நெற்றியைப் பற்றிக் கவலையில்லை. முறத்தைப் பற்றித்தான். அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். பெரியம்மா பார்த்தாள். முறத்தைப் பிடுங்கி மூலையில் போட்டாள். என்னை உட்காரவைத்து, காயத்தைக் கழுவி, காப்பித்தூளை வைத்து அழுத்தினாள்.

“யாரு?”

நான் சொல்லவில்லை. முன்னால் நிற்கிறவள் காட்டிக்கொடுக்கலாமா?

“சரி. எல்லா வூட்டுக்கும் போவோம்” என்றாள்.

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். யார் வாசலையும் மிதிக்காதவள், முதலில் மணியக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றாள். பிறகு அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. கோயில் தெரு முடிந்து ஏரிக்கரைத் தெரு. ஒவ்வொரு வாசலிலும் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டி, ஊரே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டாள். அந்தத் தொண்டைக்குள் இத்தனை சத்தம் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

“வெளிய வாங்க! வந்து இந்தப் புள்ள நெத்தியப் பாருங்க! கண்ணு போயிருந்தா யாரு குடுக்கறது? நீங்க குடுப்பீங்களா?”

எனக்கு உயிரே போகிறது. என் சேனை முழுவதும் கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெரியம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். “வலிக்கலீங்க பெரியம்மா, வூட்டுக்குப் போலாம் வாங்க” என்று கெஞ்சினேன். அவள் காதில் வாங்கவில்லை.

கடைசியாகக் கடைக்காரர் வீடு. அந்த அம்மா சமாதானமாகத்தான் பேச வந்தாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. சின்னப் பசங்க. ஆத்தா இல்லாத புள்ளதான, யாரு வந்து கேக்கப்போறாங்கன்னு கொஞ்சம் துணிஞ்சு வெளையாடிட்டானுங்க.”

பெரியம்மா சத்தத்தை நிறுத்திவிட்டாள். பிறகு சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னாள்.

“நான் கேப்பன். இன்னைக்கு வந்திருக்கறன் பாரு. நாளைக்கும் வருவன்.”

அவ்வளவுதான், திரும்பி நடந்துவிட்டாள். வீட்டுக்கு வரும்வரை என் கையை விடவில்லை. கை நோகிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் யாரும் வந்து கூப்பிடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன், வாசலில் நின்று பார்த்தேன். கடைசியில் கோணியை மாட்டிக்கொண்டு நானே ஏரிக்குப் போனேன். மணியக்காரர் பையன் என்னைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனான்.

“நீ வேண்டாம் புள்ள. ஒங்க பெரியம்மா சண்டைக்கு வந்துடுவாங்க. எங்கப்பா எனக்குத் தோலை உரிச்சுட்டாரு.”

“இனிமே வரமாட்டாங்க. நான் சொல்லி வைக்கறேன்.”

“வேண்டாம்னா வேண்டாம். போய் ஒக்காந்து பாரு.”

வீட்டுக்கு வந்து கோணியைப் பெரியம்மாவின் முன்னால் எறிந்தேன். “ஒங்களாலதான்! ஒங்களாலதான் என்னய சேத்துக்கல! யாரு ஒங்கள வரச் சொன்னது?” என்று கத்தினேன். அவள் பிய்ந்த முறத்துக்கு மூங்கில் சிம்பு சொருகிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். பத்து நாள் நான் அவளிடம் பேசவில்லை. பேச்சுக் குறைந்தவளிடம் பேசாமல் இருப்பதும் பெரிய தண்டனை இல்லைதான். ஆனால் எனக்குத் தெரிந்த தண்டனை அதுதான். அவள் போட்ட களியைச் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

தினமும் சாயங்காலம் ஏரிக்கரைமேல் போய் உட்கார்ந்துகொள்வேன். என் இடத்தில் யாரை நிறுத்தப்போகிறார்கள் என்று பார்க்கவேண்டும். வீமன் நிற்பான் என்று நினைத்தேன், அவன்தான் உடம்புக்காரன். அவனை நிறுத்தவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஆடு மேய்க்க வந்து, கரைக்கு அந்தப்புறம் குடிசை போட்டிருந்த கன்னடக்காரக் குடும்பத்தில் ஒரு பெண் இருந்தாள். அவள் வீட்டு ஆட்கள் ஊருக்குள் யார் வாசலுக்கும் வந்ததில்லை. என் வயதுதான் இருக்கும், ஆனால் சோளத்தட்டை மாதிரி இருப்பாள். அவளைக் கூட்டிவந்து கொடிக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோணி இல்லை, சட்டி இல்லை, முறம் இல்லை. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அடியை எப்படி வாங்குவது என்றுகூடத் தெரியவில்லை. தமிழும் சரியாக வராது, அதனால் ஒரு வசவு இல்லை, ஒரு வம்பு இல்லை. நான் தொண்டை கிழியக் கத்தி இழுத்த கூட்டம், அவள் வாயே திறக்காதபோதும் அவளைச் சுற்றித்தான் நின்றது. யாரும் அவளை விட்டுவிட்டுக் கொடிப்பக்கம் போகவில்லை. எல்லாக் கட்டியும் அவள்மேல்தான் விழுந்தது.

நான் கரைமேல் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் இத்தனை பேரையும் தன் பக்கம் எப்படி இழுக்கிறாள், எனக்குத் தெரியாத என்ன வித்தை இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று ஒரே பொறாமை.