பியர்பொன்ட்ஸ் மைதானத்தில் ஒரு நோ-பால் கை

செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்காக மொன்றியல் போய் வந்தேன். பழைய துறைமுகம், மலை உச்சி, தேவாலயம் பற்றியெல்லாம் எழுத ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். நான் போனது ஒரு பேஸ்பால் இறுதி ஆட்டம் பார்க்க. டொரோண்டோவில் என்னோடு வீடு பகிரும் நண்பனின் அக்கா தர்சினி, டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. தமிழர் அணி ஒன்று அங்கே லீக்கில் சேர்ந்த முதல் வருடத்திலிருந்து அவர்தான் பிட்சர், அதாவது பந்து எறிபவர். வேறு பிட்சர் கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை.

டொரோண்டோவிலிருந்து 540 கிலோமீட்டர். சனிக்கிழமைப் பேருந்து, 52 டாலர், ஆறரை மணி நேரம். மறுநாள் நகரத்திலிருந்து விமான நிலையப் பேருந்தில் 11 டாலர் கொடுத்து டோர்வலுக்குப் போனேன். ஆட்டம் இரண்டு மணிக்கு. தர்சினிக்கு வேலை முடிவது ஒரு மணிக்கு. விடுப்பு கேட்டதற்கு மேற்பார்வையாளர் சிரித்திருக்கிறார். விளையாட்டு என்பது மேசை வேலைக்காரர்களுக்கு உடல்நலம், பெட்டி தூக்குகிறவர்களுக்குத் திமிர். இது எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

ஊழியர் வாசலில் ஒரு வேன் நின்றது. ஓட்டுநர் சிவா அண்ணை, ஜான்-டலோன் சந்தையில் காய்கறி இறக்குபவர், இந்த அணியின் கேட்சர். அதாவது பிட்சர் எறியும் பந்தைக் குந்தியிருந்து பிடிப்பவர். தர்சினி வேலை உடுப்போடு வந்து ஏறி, ஓட்டுநரைக் காட்டினார்.

"இவரைத் தெரியுமோ தம்பி? முந்தி கிரிக்கெட்டிலை என்னை நோ-போல் எண்டு கலைச்ச அம்பயர் இவர்தான்."

"முழங்கை மடிஞ்சுது. நான் என்ன செய்யிறது?"

"ஒரே ஓவரிலை ஆறு தரம் கையை நீட்டினவர். அண்டையோட என்ரை கிரிக்கெட் முடிஞ்சுது."

"இண்டைக்கும் மடியுதுதான். கோர்ட்டிலை நிப்பாட்டினாலும் அதைத்தான் சொல்லுவன்."

"சொல்லுங்கோ. இப்ப உங்கடை உள்ளங்கைதானே வீங்குது."

கிரிக்கெட்டில் முழங்கையை மடித்து எறிந்தால் குற்றம். பேஸ்பாலில் அதுவே தொழில். டோர்வலில் இடைவேளையில் பந்தெறிந்து விளையாடியபோது தர்சினிக்கு இது புரிந்திருக்கிறது. பதினொரு கிரிக்கெட் ஆட்களைக் கூட்டி லீக்கில் பெயர் கொடுத்தார். முதல் வருடம் ஒரே கூத்து. அடித்துவிட்டு மட்டையோடு ஓடினார்கள். ஓடிப்போய்க் காலால் தொட வேண்டிய பேஸ் மூலையைத் தொட மட்டையை நீட்டினார்கள். பந்து மெதுவாகப் போனால் ஓடாமல் நின்றார்கள். கிரிக்கெட்டில் நிற்கலாம். இங்கே அடித்தால் ஓடியே ஆக வேண்டும். "எல்லாரையும் விடக் கூட நிண்டவர் இவர்தான்," என்றார் தர்சினி. சிவா அண்ணை ரோட்டைப் பார்த்து ஓட்டினார். அப்படிப்பட்ட அணியையும் தோற்கவிடாமல் வைத்திருந்தது தர்சினியின் கை. இரண்டாம் வருடம் எதிரணிகள் அவரைப் படம் பிடித்து ஆராய்ந்தன. அப்போதும் அடிக்க முடியவில்லை.

பேஸ்பால் தொடங்கிய காலத்திலும் ஓர் அணிக்கு ஒரு பிட்சர்தானாம். கை விழும்வரை எறிய வைத்து, விழுந்ததும் ஆளை அனுப்பிவிடுவார்களாம். "எங்கடை வேலையிலை இப்பவும் அப்பிடித்தான்," என்றார் தர்சினி, தோளில் தைலம் தடவிக்கொண்டே.

டோர்வலில் இருந்து பியர்பொன்ட்ஸ் மைதானம் 14 கிலோமீட்டர், 25 நிமிடம். வழியில்தான் இந்த ஆட்டத்தின் முழுக் கதையும் தெரிந்தது. வெல்லும் அணி அடுத்த வருடத்துக்கான நேரத்தை முதலில் தேர்ந்தெடுக்கலாம். எதிரணி ஓர் அலுவலகத்தின் அணி. அவர்களும் ஞாயிறு இரண்டு மணியைத்தான் கேட்கிறார்கள். இவர்கள் தோற்றால் வார நாள் மாலைதான் மிச்சம். மாலை ஷிப்ட்காரர்கள் பாதிப் பேர். அணி அத்தோடு கலைந்துவிடும்.

மைதானத்தில் என்னிடம் தன் போனைக் கொடுத்துவிட்டு தர்சினி இறங்கினார். எதிரணிக்கு ஒரே நிறச் சட்டை, மூன்று பிட்சர்கள். எங்களுக்கு ஒரு கை. ஆறு இன்னிங்ஸ் முடியும்வரை இரண்டு பக்கமும் ஓட்டம் இல்லை. ஐந்தாவதில் போன் அதிர்ந்தது. மேற்பார்வையாளர். விமானம் ஒன்று தாமதம், திரும்பி வர முடியுமா என்று செய்தியும் வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஆட்டம் முடியட்டும், பேந்து பாப்பம்," என்றார். "தண்ணி இருக்கோ?"

ஏழாவது இன்னிங்ஸ்தான் கடைசி. அதில் எங்கள் ஆள் ஒருவர் மூன்றாவது பேஸில் நிற்கிறார். இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட்டானால் எங்கள் முறை முடிந்தது. அடிக்க வந்தவர் சிவா அண்ணை. பந்து மட்டையின் அடியில் பட்டு, தடுப்பாட்டம் போல மெல்ல உருண்டது. அவர் நின்றார். உண்மையாகவே நின்று, பந்தை ரசித்தார்.

"ஓடு, விசரா!" இது தர்சினி. வயதில் மூத்தவரைப் பார்த்து, பியர்பொன்ட்ஸ் முழுக்கக் கேட்க.

மட்டை பறந்தது. சிவா அண்ணை விழுந்தடித்து ஓடி, மயிரிழையில் பேஸைத் தொட்டார். மூன்றாவது பேஸில் நின்றவர் அடிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார், அதுதான் ஓட்டம். ஒன்றுக்குப் பூஜ்யம்.

இனி தர்சினி மூன்று பேரை வெளியேற்ற வேண்டும். முதல் ஆள் காற்றை அடித்துப் போனார். இரண்டாவது ஆள் அடித்த பந்து உயர எழும்பி எங்கள் ஆளின் கையில் விழுந்தது. மூன்றாவது ஆளுக்கு எறியும்போது தர்சினியின் தோள் இறங்கிவிட்டதை நானே கண்டேன். பந்து வெளியே வெளியே போனது. மூன்று தப்பு, இரண்டு ஸ்ட்ரைக், அதாவது அவர் அடிக்காமல் தவறவிட்ட நல்ல பந்து. இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் அவர் அவுட், இன்னொரு தப்பு எறிந்தால் சும்மா முதல் பேஸுக்குப் போய்விடுவார்.

அப்போது குந்தியிருந்த சிவா அண்ணை வலது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டினார். கிரிக்கெட் பார்த்தவன் என்பதால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நோ-பால் சைகை. அந்த அணியில் அதற்கு அர்த்தம், முழங்கையை முழுசாக மடி, இருக்கிற வேகத்தையெல்லாம் போடு. மட்டை பிடித்தவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

தர்சினி சிரித்தார். பந்து போனதை நான் பார்க்கவில்லை. சிவா அண்ணையின் கையுறையில் விழுந்த சத்தத்தைத்தான் கேட்டேன். மட்டை அதற்குப் பிறகுதான் சுற்றியது. மூன்றாவது ஸ்ட்ரைக், வெற்றி எங்களுக்கு.

சிவா அண்ணை உறையைக் கழற்றிக் கையை உதறினார். "நோ-போல்தான்," என்றார். தர்சினி அவர் முதுகில் ஒன்று போட்டார். பிறகு என்னிடம் போனை வாங்கி மேற்பார்வையாளரை அழைத்தார். திங்கள் ஷிப்டுக்கு வருவதாக பிரெஞ்சில் சொன்னார். குரலில் மன்னிப்பு எதுவும் இல்லை. திறமை அரிது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அதற்கு விடுப்பு கொடுக்கிறவர்கள்தான் அரிது.

போக நினைப்பவர்களுக்கு: பியர்பொன்ட்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து அரிது. கார் உள்ளவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அனுமதி இலவசம், நிழல் கிடையாது, தொப்பியும் மடக்கு நாற்காலியும் தேவை. மைதானத்தில் கடை இல்லை, வரும் வழியில் டெப்பனர் எனப்படும் தெருமுனைக் கடை ஒன்றில் தண்ணீர் வாங்கிவிடுங்கள். கேட்சருக்குப் பின்னால் வலையோரம் உட்கார்ந்தால் அம்பயர் மறைத்துச் சைகை சரியாகத் தெரியாது. முதல் பேஸ் பக்கம் உட்காருங்கள். அடுத்த வருடமும் ஞாயிறு, இரண்டு மணி.